சீனியர் கையில் வந்த வினை என் கையில் வரவில்லை

பின்னால் படிப்பவர்களுக்காக முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் திருச்சியில் எம்எஸ்சி முடித்து, சிங்கப்பூரில் வேதியியல் பிஎச்டி சேர்ந்து, இப்போது இரண்டாம் ஆண்டு. குழுவில் முன்பு இருந்த சீனியர் ஒருவர் 84% யீல்டு, அதாவது கிடைக்கவேண்டிய பொருளில் 84% கிடைத்தது, என்று எழுதி வைத்துவிட்டுப் போன பலேடியம் கப்ளிங் வினையை (பலேடியத்தை வினையூக்கியாக வைத்து இரண்டு மூலக்கூறுகளை இணைப்பது) எட்டு மாதமாகச் செய்து பார்க்கிறீர்கள். உங்கள் கையில் 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. சில நாள் டிஎல்சியில், அதாவது வினை நடந்ததா என்று பார்க்கும் தட்டில், புதுப் புள்ளியே தெரிவதில்லை. ப்ராஃப் வாராவாரம் கேட்கிறார். நான்கு மாதத்தில் க்யூஇ, அதாவது தகுதித் தேர்வு. இரவு இரண்டு மணி வரை லேபில் இருக்கிறேன், அறைக்குப் போனாலும் தூக்கம் வருவதில்லை, ப்ராஃபை மாற்றிக்கொள்ளலாமா, மாஸ்டர்ஸோடு கிளம்பிவிடலாமா, அக்கா அண்ணா யாராவது சொல்லுங்கள் என்று முடித்திருக்கிறீர்கள்.

தம்பி, நீங்கள் கேட்டது ப்ராஃபை மாற்றுவது பற்றி. ஆனால் இரண்டு மூன்று முறை படித்ததில் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பது தெரிந்தது. தப்பு என் கையிலா, எனக்கு இந்த வேலையே வராதா என்பதுதான் அது. ப்ராஃபை மாற்றுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் முடிவு செய்ய முடியும். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் இங்கேதான் கரிம வேதியியலில் பிஎச்டி செய்தேன். அப்புறம் சில வருடம் போஸ்ட்டாக். இப்போது மருந்து மூலப்பொருள்களுக்கான செய்முறைகளைச் சிறு குடுவையிலிருந்து பெரிய ரியாக்டருக்குக் கொண்டுபோகும் வேலை. ஒருவர் கையில் வருவது இன்னொருவர் கையிலும் வரவேண்டும் என்பதுதான் என் அன்றாடப் பிழைப்பு. ஆனால் உங்கள் மூலக்கூறை நான் பார்த்ததில்லை, உங்கள் நோட்டுப் புத்தகமும் என் முன்னால் இல்லை. ஆகவே காரணம் இதுதான் என்று இங்கிருந்து கைகாட்ட மாட்டேன். எங்கே எப்படித் தேடுவது என்று சொல்கிறேன்.

முதலில், நிச்சயமாகத் தெரிந்த ஒன்று. அச்சில் வந்த ஒரு வினை இன்னொரு லேபில் வராமல் போவது வேதியியலில் சர்வசாதாரணம். ஆர்கானிக் சின்தசிஸ் என்ற வெளியீட்டை உங்கள் லேபிலும் புரட்டியிருப்பீர்கள். 1921 முதல் அதற்கு ஒரு விதி உண்டு: யார் அனுப்பிய செய்முறையாக இருந்தாலும், ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் லேபில் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் அச்சேறும். அனுப்புபவர்கள் எல்லாம் தேர்ந்த வேதியியலாளர்கள். அப்படியும் அந்த விதி நூறு வருடத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது என்றால், வராமல் போவது எவ்வளவு வழக்கமான விஷயம் என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு கதைகள் உண்டு, இரண்டையும் உங்கள் க்யூஇ அறிக்கையிலேயே மேற்கோள் காட்டலாம். முதலாவது குரோமியம் குளோரைடு வைத்துச் செய்யும் கப்ளிங். ஜப்பானில் நொசாகி, ஹியாமா குழுவினர் உருவாக்கியது. வினைல் ஹாலைடுகளோடு அது எப்படி வேலை செய்கிறது என்று 1983ல் கட்டுரை வந்தது. ஹார்வர்டில் கிஷியின் குழு அதைப் பயன்படுத்தியபோது, குரோமியம் குளோரைடு எந்த பாட்டிலிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து வினை வந்தது, அல்லது வராமல் போனது. தோண்டிப் பார்த்தால், நன்றாக வேலை செய்த பாட்டில்களில் மிகச் சிறிதளவு நிக்கல் கலந்திருந்தது. உண்மையில் வினையைத் தொடங்கி வைத்ததே அந்த நிக்கல்தான். 1986ல் ஜப்பானியக் குழுவும் கிஷி குழுவும் தனித்தனியாக இதைச் சொன்னார்கள். இன்று அந்த வினையின் பெயரிலேயே கிஷியும் சேர்ந்திருக்கிறார். இரண்டாவது உங்கள் வினைக்கு நெருங்கியது. சுசுகி கப்ளிங், அதாவது போரானிக் அமிலம் ஒன்றை இன்னொரு மூலக்கூறோடு இணைக்கும் வினை, பலேடியமே இல்லாமல் நடக்கிறது என்று 2003ல் ஒரு குழு அறிவித்தது. அதே குழு 2005ல் மறுபடி எழுதியது: கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் பில்லியனில் 50 பங்கு அளவுக்குப் பலேடியம் இருந்திருக்கிறது, வேலை செய்தது அதுதான். தங்கள் முடிவைத் தாங்களே திருத்திய அந்தக் குழுவின் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு.

இனி என் கதை. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியைப் படித்தபோது ஞாபகம் வந்தது இதுதான். என் இரண்டாம் ஆண்டில் எனக்கும் ஒரு சுசுகி கப்ளிங் கொடுத்தார்கள். முன்பு செய்தவர் 80 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்திருந்தார். நோட்டில் இருந்தது ஒரே வரி: பொட்டாசியம் பாஸ்பேட் என்ற காரம் மூன்று ஈக்விவலன்ட் (மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுக்கு மூன்று), டிஎச்எஃப் கரைப்பான், 60 டிகிரி, 12 மணி நேரம். நான் ஊரில் எம்எஸ்சி ப்ராஜெக்டிலேயே காற்றுப் படாமல் வேலை செய்யப் பழகியவள். சிங்கப்பூர் ஈரப்பதம் வேறு, ஆண்டு முழுக்கச் சராசரி 80 சதவீதத்துக்கு மேல். கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) வில்லை போட்டு ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்தால் 3400 பக்கம் தண்ணீர்க் கூம்பு எட்டிப் பார்க்காத நாளே இல்லை. அதனால் எல்லாவற்றையும் காயவைத்தேன். கண்ணாடிக் குடுவைகளை இரவு முழுக்கச் சூடான ஓவனில் வைத்தேன், டிஎச்எஃப்பைத் தண்ணீர் உறிஞ்சும் சல்லடைக் குருணைமேல் வைத்தேன், பொட்டாசியம் பாஸ்பேட்டுக்குப் புது பாட்டில் வாங்கி, காற்றும் ஈரமும் இல்லாத குளோவ்பாக்ஸுக்குள்ளேயே திறந்தேன். யீல்டு 15. இன்னும் கவனமாகச் செய்தேன், 12. அடுத்த மாதம் அதைவிடக் கவனமாகச் செய்தேன், 9. என் கவனம் கூடக் கூட வினை கெட்டுக்கொண்டே போனது. ஐந்து மாதம் இப்படியே ஓடியது. அந்த ஐந்து மாதமும் நான் என்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தேன் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பக்கத்து ஹூட்டில் (ஆவியை வெளியேற்றும் கூண்டில்) வேலை செய்த போஸ்ட்டாக் ஒருவர்தான் ஒரு நாள் கேட்டார், உனக்கு முன்னால் இதைச் செய்த பெண் எந்த பாட்டிலைப் பயன்படுத்தினாள் என்று. எனக்கு அது தோன்றவே இல்லை. அலமாரியின் பின்வரிசையில், மூடி சரியாக இறுகாத ஒரு பழைய பாட்டில் இருந்தது. மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி உள்ளே கட்டி கட்டியாக இருந்தது. நான் அதைக் கெட்டுப்போனது என்று ஒதுக்கித்தான் புதிது வாங்கியிருந்தேன். அந்தக் கட்டியை உடைத்துப் போட்டு வினை வைத்தேன். 71%. அன்றைக்கு டிஎல்சி தட்டை யூவி விளக்கின் கீழ் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று ஞாபகமில்லை.

அப்புறம்தான் முறையாக யோசித்தோம். பழைய பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து வெற்றிடத்தில் சூடாக்கிக் காயவைத்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கணக்குப் போட்டால், ஒரு பொட்டாசியம் பாஸ்பேட்டுக்கு ஏறத்தாழ மூன்று தண்ணீர் மூலக்கூறு. அவர் மூன்று ஈக்விவலன்ட் என்று எடை போட்டபோது குடுவைக்குள் போனது உண்மையில் 2.4 ஈக்விவலன்ட் காரமும், ஏழு ஈக்விவலன்டுக்கு மேல் தண்ணீரும். புதுக் காரத்தை எடுத்து, தண்ணீரைச் சிரிஞ்சில் அளந்து, ஒன்றுமில்லாமல், இரண்டு, ஐந்து, பத்து ஈக்விவலன்ட் என்று நான்கு குடுவை வைத்தேன். யீல்டு படிப்படியாக ஏறிப் பத்தில் 78க்கு வந்தது. ஒரே நாளில் வைத்த நான்கு குடுவை, ஐந்து மாதத்துக்குப் பதில் சொன்னது. காரம் கரைவதற்கும் ஹைட்ராக்சைடு உருவாவதற்கும் தண்ணீர் தேவை என்பது தெளிவு. அந்த ஹைட்ராக்சைடு போரானோடு சேர்ந்து வேலை செய்கிறதா, பலேடியத்தோடு சேர்ந்தா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே நீண்ட விவாதம் உண்டு. வினைக்கு வினை மாறுகிறது என்றே நினைக்கிறேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும், எல்லா போரானிக் அமிலத்துக்கும் தண்ணீர் நல்லதில்லை. சிலவற்றில் போரான் கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே நாளைக்கே போய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது முதலில் கையைச் சோதிப்பது. எல்லாருக்கும் வரும் ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 4-புரோமோஅனிசோலும் பினைல்போரானிக் அமிலமும் சேரும் கப்ளிங் போதும், நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் நல்ல யீல்டோடு இருக்கிறது. அதை உங்கள் கை, உங்கள் ஹூட், உங்கள் கண்ணாடி, உங்கள் ஆர்கான் லைன் வைத்து மூன்று முறை செய்யுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று சில சதவீத வித்தியாசத்துக்குள் உயர்ந்த யீல்டு தந்தால், தப்பு கையில் இருக்கிறதா என்ற கேள்வியை அன்றோடு மூடிவிடலாம். மூன்றும் மூன்று விதமாக வந்தால் அதுவும் நல்ல செய்திதான், திருத்தக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது. அனேகமாகக் காற்றை வெளியேற்றும் முறையில் இருக்கும், அல்லது ஹாட்பிளேட் காட்டும் சூடும் குடுவைக்குள் இருக்கும் சூடும் வேறுபடும். எட்டு மாதத்தில் நீங்கள் இந்த ஒரு சோதனையைச் செய்ததாக எழுதவில்லை. செய்திருந்தால் மன்னியுங்கள். நானும் என் ஐந்து மாதத்தில் செய்யவில்லை. அவமானமாக நினைத்தேன், எம்எஸ்சி பையன் செய்வதை நான் ஏன் செய்யவேண்டும் என்று.

கை சரி என்று தெரிந்தபின் பாட்டில்களுக்கு வாருங்கள். பலேடியத்தோடு ஒட்டும் பாஸ்பீன் லிகண்டை பாஸ்பரஸ் என்எம்ஆரில் (பாஸ்பரஸ் அணுக்களைக் காட்டும் நிறமாலையில்) பாருங்கள், பத்து நிமிட வேலை. டிரைபினைல்பாஸ்பீன் மைனஸ் 5 பிபிஎம் பக்கம் வரவேண்டும். 29 பக்கம் பெரிய கோடு தெரிந்தால் அது ஆக்சைடாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் லிகண்ட் வேறென்றால் அதன் எண்களைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். போரானிக் அமிலம் பாட்டிலிலேயே மூன்று மூன்றாகச் சேர்ந்து தண்ணீரை இழந்து போராக்சினாக மாறியிருக்கலாம், அப்போது எடைக்கணக்கே தப்பும். பலேடியம் அசிடேட் எல்லாக் கம்பெனியிலும் ஒரே பொருள் கிடையாது. நைட்ரைட் கலந்த வடிவம் உண்டு, கரையாத பாலிமர் வடிவம் உண்டு. சீனியர் வாங்கிய கம்பெனியையும் லாட் நம்பரையும் பழைய ஆர்டர் பட்டியலில் தேடிப் பாருங்கள். காரத்தைப் பொடித்துப் போட்டாரா, அப்படியே போட்டாரா என்பதுகூட விஷயம்தான், கரையாத பொருள் குடுவையில் இருக்கும்போது கலக்கும் வேகமும் கணக்கில் வரும். கலக்கும் காந்தக் குச்சியையும் விடாதீர்கள். ரஷ்யாவில் ஒரு குழு 2019ல் பயன்படுத்திய காந்தக் குச்சிகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, கழுவிய பிறகும் டெஃப்லான் கீறல்களில் பலேடியம் போன்ற உலோகங்கள் ஒட்டியிருப்பதைக் காட்டியது. சீனியருடைய 84 எந்தக் குச்சியிலிருந்து வந்ததோ, யாருக்குத் தெரியும். ஒரு தரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றது எல்லாம் அப்படியே, அதே நாளில், பக்கத்துப் பக்கத்துக் குடுவையில். செவ்வாய்க்கிழமைக் குடுவையை வியாழக்கிழமைக் குடுவையோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது.

மூன்றாவது விஷயம், சீனியருடைய எண். 84 என்பது எப்படி வந்தது என்று அவரிடமே கேளுங்கள். வேலைக்குப் போய்விட்டார் என்றால் என்ன, மின்னஞ்சல் இருக்கிறது. "உங்களுக்கு வந்தது எனக்கு வரவில்லை, எந்த பாட்டில், எந்த அளவில் செய்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அது பிரித்தெடுத்த யீல்டா, என்எம்ஆரில் கணக்கிட்டதா? எத்தனை முறை செய்ததில் 84? பத்தில் ஒன்று 84 என்றால் அது வேறு கதை. மூல என்எம்ஆர் கோப்புகள் சர்வரில் இருக்கும், திறந்து பாருங்கள். 4.12, 2.05, 1.26 என்ற இடங்களில் மூன்று கோடும் சேர்ந்து தெரிந்தால் எத்தில் அசிடேட் கரைப்பான் முழுசாகப் போகவில்லை. உங்கள் பொருளின் மூலக்கூறு எடை 300 என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மூலக்கூறுக்கு ஒரு எத்தில் அசிடேட் ஒட்டிக்கொண்டிருந்தாலே எடையில் ஏறத்தாழ 9% அதுதான். சிறிய அளவில் செய்யும்போது 84 என்பது 76 ஆவதற்கு இது ஒன்றே போதும். கரைப்பான்களும் மாசுகளும் எங்கெங்கே வரும் என்ற அட்டவணை 1997ல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மூன்று பேர் வெளியிட்டது. கரைப்பானை ஆவியாக்கும் எங்கள் ரோட்டாவாப்புக்கு மேலேயே அதை ஒட்டி வைத்திருந்தோம்.

அந்த எண் வேண்டுமென்றே எழுதிய பொய்யாக இருக்குமோ என்று உங்கள் கேள்வியில் ஒரு வரி வந்து, உடனே "அப்படி நினைக்கவில்லை" என்று இன்னொரு வரி வந்தது. நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அது கடைசியில் வரவேண்டிய சந்தேகம். நான் பார்த்தவரை பத்துக்கு ஒன்பது பாட்டிலும் தண்ணீரும் அரைகுறை நோட்டும்தான். இது என் அனுபவம், கணக்கெடுப்பு இல்லை. அதே நேரம், பொய் நடந்ததே இல்லை என்றும் சொல்லமாட்டேன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு மாணவியின் வினைகள் மற்றவர்களுக்கு வரவில்லை. செய்ய முடியாத சக மாணவர்கள் சிலர் குழுவை விட்டே போக நேர்ந்தது. 2006ல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, 2010ல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் அது முறைகேடு என்று உறுதிசெய்தது. எண் பொய் என்று நிரூபிக்கப்படுவதற்குள் உண்மையாக வேலை செய்தவர்கள் வெளியே போய்விட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், ஆனால் செய்த ஒவ்வொரு குடுவைக்கும் தேதி, லாட் நம்பர், எடை, என்எம்ஆர் கோப்புப் பெயர் எழுதி வையுங்கள். வராத குடுவைகளுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது ப்ராஃப். நம் ஊர்ப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. வாத்தியார் முன்னால் வரவில்லை என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது, "இன்னும் கொஞ்சம் டிரை பண்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். நானும் ஐந்து மாதம் அதைத்தான் சொன்னேன். இங்கே அது எடுபடாது. "இன்னும் டிரை பண்றேன்" என்பது அவர் காதில், இவனுக்கு எங்கே தப்பு என்று இன்னும் தெரியவில்லை என்றுதான் விழும். அதற்குப் பதில் ஒரு பக்கம் கொண்டுபோங்கள். மேலே, கையைச் சோதித்த மூன்று குடுவையின் எண்கள். நடுவில், எதை எதை மாற்றினேன், என்ன வந்தது. கீழே, அடுத்த மூன்று வாரத்தில் செய்யப்போவது, அதற்கு அப்புறமும் வரவில்லை என்றால் இந்த வினையை விட்டுவிட்டு எந்த வழியில் போவது. அந்தக் கடைசி வரி முக்கியம். எப்போது நிறுத்துவது என்று மாணவனே முன்கூட்டிச் சொன்னால், நான் பார்த்த பேராசிரியர்கள் நிம்மதியாகத்தான் கேட்டார்கள். உங்கள் ப்ராஃப் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகும் கத்துகிறார் என்றால், மாற்றுவது பற்றி யோசிக்க அப்போது உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கும்.

க்யூஇயைப் பொறுத்தவரை, அந்த அறையில் உட்காருபவர்கள் யீல்டை எண்ண வருவதில்லை. ஆய்வேடு வரைக்கும் போகும் அளவுக்கு இவனுக்கு யோசிக்கத் தெரியுமா என்று பார்க்க வருகிறார்கள். ஏன் வரவில்லை, எப்படிக் கண்டுபிடித்தாய், அடுத்து என்ன என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் 20 சதவீதத்தோடும் தேறலாம். என் க்யூஇயில் அரை மணி நேரம் பேசியது அந்தத் தண்ணீர்க் குடுவைகள் நான்கையும் பற்றித்தான். போரானிக் அமில வேதியியலின் அடிப்படைகளை மட்டும் நன்றாகப் படித்துக்கொண்டு போங்கள், வினைச் சுழற்சியை வரையச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஒருமுறை தவறினால் இன்னொரு வாய்ப்பு தருவதும், ஆய்வு முதுகலைக்கு மாற அனுமதிப்பதும் இங்கே வழக்கத்தில் உண்டு. உங்கள் துறையின் இப்போதைய விதியைக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ராஃபை மாற்றுவது நடக்கக்கூடியதுதான், என் வகுப்பிலேயே இரண்டு பேர் மாற்றினார்கள். ஆனால் க்யூஇக்கு நான்கு மாதம் இருக்கும்போது மாற்றினால் புதுத் தலைப்பில் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், உதவித்தொகைக் காலமோ ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் வினை வரவில்லை என்பதற்காக மட்டும் என்றால் இப்போது வேண்டாம் என்பேன். மிரட்டல், அவமதிப்பு, பொய் எண் போடச் சொல்வது என்று ஏதாவது இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், துறையின் பட்டதாரிப் படிப்புப் பொறுப்பாளரிடம் போங்கள். மாஸ்டர்ஸோடு கிளம்புவதும் கேவலமில்லை. என் தோழி அப்படிப் போய் இன்று ஒரு தரக்கட்டுப்பாட்டு லேபின் பொறுப்பில் இருக்கிறாள். ஆனால் தூக்கமில்லாத வாரத்தில் அந்த முடிவை எடுக்கவேண்டாம். ஸ்டூடன்ட் பாஸ் படிப்போடு கட்டப்பட்டது, விலகினால் இங்கே தங்கும் உரிமையும் முடியும். உதவித்தொகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே வரிக்கு வரி படியுங்கள். இதில் நண்பர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள், நான் சொல்வதையும் நம்பாதீர்கள், அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரவு இரண்டு மணி விஷயம் மட்டும் அக்காவாகக் கண்டிப்போடு சொல்கிறேன். தூக்கமில்லாத கையோடு தனியாக வினை வைக்காதீர்கள். 2008 டிசம்பர் 29 அன்று, விடுமுறைக் காலத்தில், லாஸ் ஏஞ்சலிஸில் யூசிஎல்ஏ லேபில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் சிரிஞ்சில் டெர்ட்-பியூட்டைல்லித்தியம் எடுத்துக்கொண்டிருந்தார். பிஸ்டன் கழன்று வந்து தீப்பிடித்தது. லேப் கோட் போட்டிருக்கவில்லை. 18 நாள் கழித்து இறந்துபோனார். உங்கள் வினையில் அப்படிப்பட்ட பொருள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வெற்றிட லைனில் ஆவிகளை உறைய வைத்துப் பிடிக்கும் திரவ நைட்ரஜன் டிராப் இருக்கும், காற்றை உள்ளே விட்டுவிட்டால் அதில் நீல நிறத்தில் ஆக்சிஜன் திரவமாகச் சேரும், கரைப்பான் ஆவியோடு அது வெடிக்கும். தூங்கி வழியும் கண்ணுக்கு அந்த நீலம் தெரியாது. எட்டு மணிக்கு ஹூட்டை இறக்கிவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போய் வயிறார ஒரு வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மனம் அதையும் மீறிப் பாரமாக இருந்தால் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் போங்கள். நான் போனேன், என் படிப்புக்கு அதனால் எந்தக் கெடுதலும் வரவில்லை. நடு இரவில் யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்றால் தற்கொலைத் தடுப்பு உதவி அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் எண் 1767, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

நாளைக் காலை லேபுக்குப் போனதும், எதையும் வைப்பதற்கு முன்னால், சீனியர் காலத்து பாட்டில்கள் எவை எவை மிச்சம் இருக்கின்றன என்று அலமாரியின் பின்வரிசை வரைக்கும் பாருங்கள். லேபலைப் படம் எடுத்து, "தயவுசெய்து தூக்கிப் போடவேண்டாம்" என்று தேதியோடு ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள், கழிவு எடுக்க வருபவர்கள் கட்டிதட்டிய பாட்டிலைத்தான் முதலில் எடுத்துப்போவார்கள். அப்புறம் அந்த 4-புரோமோஅனிசோல் குடுவைகள் மூன்றையும் வையுங்கள். எண்களும் பாஸ்பரஸ் என்எம்ஆரும் கையில் வந்ததும், உங்கள் மூலக்கூறின் விவரம் எதுவும் இல்லாமல், இதே கேள்விக்குக் கீழே எழுதுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.